வானத்தில் இடைவெளி குறைந்தால்: கோவைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

'நடுவானில் நேருக்கு நேர் வந்த விமானங்கள்' என்று ஒரு தலைப்பு வந்துவிட்டால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் சிங்கப்பூரில் மகள் இருக்கிறவர், சார்ஜாவுக்கு அடுத்த வாரம் டிக்கெட் போட்டிருக்கிறவர், அவிநாசி ரோட்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர் என எல்லாரும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்களுக்குக் கூடியவரை நம் பீளமேட்டு விமான நிலையத்தையே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு விமானங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும்?

இடைவெளியை இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒன்று உயரத்தில், இன்னொன்று பக்கவாட்டில். உயரத்தில் 1,000 அடி, அதாவது சுமார் 305 மீட்டர் இருக்க வேண்டும். 41,000 அடிக்கு மேலே போனால் அது 2,000 அடியாகிவிடும். பக்கவாட்டில், ரேடார் பார்வையில் இருக்கும் விமானங்களுக்குப் பொதுவாக 5 கடல் மைல். விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில், ரேடார் வசதி போதுமான அளவு இருந்தால், 3 கடல் மைல் வரை குறைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

இந்த இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். செய்தித்தாள்கள் பெரும்பாலும் கோட்டைவிடுகிற இடம் இதுதான். ஒரு விமானம் 30,000 அடியிலும் இன்னொன்று 31,000 அடியிலும் போனால், ஒன்றுக்கு நேர் மேலேயே மற்றொன்று கடந்து போகலாம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதே போல இரண்டும் ஒரே உயரத்தில் 8 மைல் தள்ளிப் போனாலும் சரிதான். உயரமும் குறைந்து, பக்கவாட்டுத் தூரமும் குறைந்தால்தான் விதி மீறல். '100 அடி வித்தியாசத்தில்' என்று மட்டும் போட்டுவிட்டு, பக்கவாட்டில் எத்தனை மைல் என்று சொல்லாத செய்தி பாதிச் செய்திதான்.

ஐந்து மைல் என்றால் ஒன்பது கிலோமீட்டர். அவ்வளவு தூரம் எதற்கு?

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். உயரே பறக்கும் இரண்டு ஜெட் விமானங்கள், தலைக்கு மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் வருவதாக வைத்துக்கொள்வோம். நெருங்கும் வேகம் 1,600 கிலோமீட்டர். 5 கடல் மைல் கரைய 21 வினாடிதான் ஆகும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், 10,000 அடிக்குக் கீழே, வழக்கமான வேக வரம்பு 250 நாட், அதாவது மணிக்கு 250 கடல் மைல். அந்த வேகத்தில் இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்தால் 3 கடல் மைல் கரையவும் ஏறத்தாழ அதே 21 வினாடிதான்.

அந்த 21 வினாடிக்குள், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கண்ட்ரோலர் திரையில் பார்த்து, புரிந்துகொண்டு, மைக்கைத் தட்டிப் பேசி, பைலட் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லி, அப்புறம் விமானம் திரும்பத் தொடங்க வேண்டும். எழுபது டன் எடை கொண்ட வண்டி சொன்ன நொடியில் திரும்பிவிடாது. அதனால் அந்த ஒன்பது கிலோமீட்டர் தாராளம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோவை விமானம் எதுவும் இப்படி மாட்டியிருக்கிறதா?

2018 ஜூலை 10 அன்று கோவையிலிருந்து ஐதராபாத்துக்குப் போன இண்டிகோ விமானமும், பெங்களூரிலிருந்து கொச்சிக்குப் போன அதே நிறுவனத்தின் விமானமும் பெங்களூரு வான்வெளியில் நெருங்கிவிட்டன. இரண்டிலும் சேர்த்து 328 பயணிகள். உயர வித்தியாசம் 200 அடியாகக் குறைந்தது. இரண்டு விமானத்திலும் இருந்த எச்சரிக்கைக் கருவி கூவியது, பைலட்டுகள் அது சொன்னபடி செய்தார்கள், விலகிப் போய்விட்டன. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

200 அடி என்றால் 61 மீட்டர். ஏர்பஸ் ஏ320-இன் வால் நுனி தரையிலிருந்து சுமார் 12 மீட்டர் உயரம். அதை வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். அன்று இரண்டுமே மேலே ஏறிக்கொண்டிருந்த விமானங்கள். நேர் மட்டத்தில் பறக்கிறவற்றை விட, ஏறுகிற, இறங்குகிற விமானங்களைப் பிரித்து வைப்பதுதான் சிரமம். நம் ஊர் விமானம் சிக்கியது அப்படிப்பட்ட கட்டத்தில்தான்.

ஃப்ளைட்ரேடார் செயலியில் இரண்டு விமானம் ஒட்டிக்கொண்டே போகிறதே, அது ஆபத்தில்லையா?

பெரும்பாலும் இல்லை. வரைபடத்தை மாவட்ட அளவுக்கு விரித்து வைத்திருந்தால், அந்த மஞ்சள் விமானப் படம் ஒவ்வொன்றும் பல கிலோமீட்டரை மறைத்துக்கொண்டு நிற்கும். அவிநாசிக்கு மேலே ஒன்று, பல்லடத்துக்கு மேலே ஒன்று பறந்தாலும் இரண்டும் உரசுவது போலத் தெரியும். படத்தைத் தொட்டு உயரத்தைப் பாருங்கள். ஒன்று 35,000, இன்னொன்று 36,000 என்று இருக்கும். வானத்தில் நேரில் பார்க்கும்போதும் இதே ஏமாற்றம்தான். வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும் இரண்டு விமானங்களில் எது மேலே, எது கீழே என்று தரையில் நிற்கிறவரால் சொல்ல முடியாது.

இரண்டும் ஒரே உயரத்தில், சில மைலுக்குள், ஒன்றை ஒன்று நோக்கிப் போவதாகச் செயலி காட்டினால்கூட, அதில் சில வினாடி தாமதம் இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டு வீட்டிலிருப்பவர்களைப் பயமுறுத்த வேண்டாம்.

அந்த எச்சரிக்கைக் கருவி என்ன செய்கிறது?

அதன் பெயர் டிகாஸ். ஒவ்வொரு பயணிகள் விமானத்திலும் டிரான்ஸ்பாண்டர் என்று ஒரு கருவி உண்டு. யாராவது கேட்டால் 'நான் இன்னார், இத்தனை அடி உயரத்தில் இருக்கிறேன்' என்று பதில் சொல்வது அதன் வேலை. டிகாஸ் சுற்றியிருக்கும் டிரான்ஸ்பாண்டர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும். யாராவது வேகமாக நெருங்குவதாகத் தெரிந்தால், மிக அருகே வரப்போகும் தருணத்துக்கு 20 முதல் 48 வினாடி முன்னால் 'டிராஃபிக், டிராஃபிக்' என்று குரல் கொடுக்கும். இது கவனமாக இரு என்கிற அளவுதான்.

நிலைமை மாறாவிட்டால் 15 முதல் 35 வினாடி முன்னால் கட்டளை வரும். ஒரு விமானத்தில் 'கிளைம்ப், கிளைம்ப்', இன்னொன்றில் 'டிசெண்ட், டிசெண்ட்'. இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டு எதிர்த்திசையில்தான் சொல்லும், இரண்டையும் ஒரே பக்கம் அனுப்பாது. இடது, வலது திரும்பச் சொல்லும் வழக்கம் இதற்குக் கிடையாது. ஏறு, இறங்கு மட்டும்தான். பைலட் 5 வினாடிக்குள் கைவைக்க வேண்டும். ஆபத்து விலகியதும் 'கிளியர் ஆஃப் கான்ஃபிளிக்ட்' என்று அதுவே சொல்லிவிடும்.

எதிரே வருகிறவரின் டிரான்ஸ்பாண்டர் அணைந்திருந்தால், டிகாஸைப் பொறுத்தவரை அங்கே ஆளே இல்லை.

கண்ட்ரோலர் ஒன்று சொல்லி, கருவி வேறொன்று சொன்னால் பைலட் யார் பேச்சைக் கேட்பார்?

கருவி பேச்சை. இதில் இன்று இரண்டாம் கருத்துக்கே இடமில்லை. ஆனால் அந்தத் தெளிவு வர 71 உயிர் போக வேண்டியிருந்தது.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகரத்துக்கு மேலே, ரஷ்யாவிலிருந்து பள்ளிக் குழந்தைகளை ஏற்றி வந்த டுபோலேவ் 154 விமானமும் டிஎச்எல் சரக்கு விமானமும் ஒரே உயரத்தில் நெருங்கின. அந்தப் பகுதியை சூரிச்சிலிருந்து கவனித்தவர் அன்று இரவு தனி ஆள். தொலைபேசி இணைப்பிலும் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. அவர் ஆபத்தைக் கடைசி நேரத்தில் கண்டு ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அதே நேரத்தில் அந்த விமானத்தின் டிகாஸ் ஏறச் சொன்னது. ரஷ்ய பைலட்டுகள் மனிதர் சொன்னதைக் கேட்டு இறங்கினார்கள். சரக்கு விமானத்தின் டிகாஸ் அதை இறங்கச் சொல்லியிருந்தது, அதுவும் இறங்கியது. இரண்டும் மோதின.

அதன் பிறகு உலக அளவில் விதி தெளிவாக எழுதப்பட்டது. டிகாஸ் கட்டளை வந்தால் அதைத்தான் செய்ய வேண்டும், 'டிகாஸ் ஆர்ஏ' (டிகாஸ் கட்டளை வந்திருக்கிறது என்று பொருள்) என்று வானொலியில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அதைக் கேட்ட கண்ட்ரோலர் அந்த விமானத்துக்கு வேறு உத்தரவு கொடுக்கக் கூடாது.

அப்படியானால் டிகாஸ் இருக்கும்வரை கவலையில்லைதானே?

உயரே பறக்கும்போது பெரிய பாதுகாப்புதான். தரைக்குப் பக்கத்தில் அப்படிச் சொல்ல முடியாது. தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் டிகாஸ் ஏறு, இறங்கு என்று கட்டளையிடாது. அந்த உயரத்தில் இறங்கச் சொன்னால் தரையில் மோதும், ஏறச் சொன்னால் வேகம் குறைந்திருக்கும் விமானம் தடுமாறும். அதனால் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் நடந்தது டிகாஸ் கட்டளையிடாத இந்த உயரத்தில்தான். தரையிறங்கப் போன சிஆர்ஜே 700 பயணிகள் விமானமும் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் ஆற்றுக்கு மேலே சுமார் 300 அடி உயரத்தில் மோதி 67 பேர் இறந்தார்கள். மோதலுக்குச் சுமார் 20 வினாடி முன்னால் விமானத்துக்குள் 'டிராஃபிக், டிராஃபிக்' என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. கட்டளை வரவில்லை, அந்த உயரத்தில் வராது. இருட்டில் கண்ணால் பார்த்து விலகிக்கொள்வதாக ஹெலிகாப்டர் ஒப்புக்கொண்டிருந்தது.

நம் ஊரில் சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறதே. அங்கே போர் விமானம் பறக்கும்போது இங்கே என்ன செய்வார்கள்?

நியாயமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வரைபடத்தில் கோவை விமான நிலையத்தையும் சூலூர் தளத்தையும் பாருங்கள். நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு ஓடுபாதையும் ஏறக்குறைய ஒரே திசையில், வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கின்றன. சூலூரில் தேஜஸ் போர் விமானங்கள் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் தரங் சக்தி கூட்டுப் பயிற்சியின் முதல் கட்டம் அங்கேதான் நடந்தது, ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் வந்தன. அந்த நாட்களில் காதைப் பொத்திக்கொண்டு மாடி ஏறிப் பார்த்தவர்கள் ஏராளம்.

இன்னொரு பக்கம் மலை. வடமேற்கே நீலகிரி, தொட்டபெட்டா மட்டும் 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலை. நடுவே பாலக்காட்டுக் கணவாய். மலைக்குப் பக்கத்தில் விமானத்தை இஷ்டத்துக்குத் தாழ இறக்க முடியாது, ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்ச உயரம் என்று ஒன்று உண்டு. சமவெளியாக இருக்கும் கிழக்குப் பக்கத்திலோ சூலூர். ஆக, வரிசைப்படுத்தவும் சுற்றவிடவும் நம் கண்ட்ரோலருக்கு இருக்கிற இடம், சமவெளி நடுவே தனியாக இருக்கும் ஒரு விமான நிலையத்தில் இருப்பதை விடக் குறைவு.

ஆனி, ஆடிக் காற்று கணவாய் வழியே மேற்கிலிருந்து அடிக்கும்போது, விமானங்கள் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். அப்போது அவிநாசிப் பக்கமிருந்து, ஏறத்தாழ நெடுஞ்சாலையை ஒட்டியே வரும். மூன்று டிகிரிச் சரிவில் இறங்கும் விமானம், கருமத்தம்பட்டிப் பக்கம் ஓடுபாதை மட்டத்துக்கு மேலே சுமார் 2,500 அடியிலும், நீலாம்பூர் பைபாஸ் பக்கம் சுமார் ஆயிரம் அடியிலும் இருக்கும். சின்னியம்பாளையத்தில் டீக்கடையில் நிற்கிறவர் அண்ணாந்தால் சக்கரத்தின் கம்பிகளைக்கூடப் பார்க்கலாம். அந்தப் பாதைக்குத் தெற்கே, கொஞ்சம் தள்ளி, சூலூர். வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாகும். நகரத்துக்கு மேலே, குனியமுத்தூர், ராமநாதபுரம் பக்கமாக வந்து இறங்கும்.

ராணுவ விமானத்தையும் பயணிகள் விமானத்தையும் பிரிப்பது எப்படி என்றால், முதலில் வான்வெளியையே பங்கு போட்டுவிடுகிறார்கள். இந்த உயரம் வரை, இந்த எல்லை வரை, இந்த நேரத்தில் இன்னார் பொறுப்பு என்று. இரண்டு பக்கத்துக் கண்ட்ரோலர்களுக்கும் நேரடித் தொலைபேசி இருக்கும். ஒருவர் எல்லையைத் தாண்டி விமானத்தை அனுப்ப வேண்டுமென்றால் முதலில் மற்றவரிடம் கேட்டாக வேண்டும். பெரிய பயிற்சி என்றால் முன்கூட்டியே பைலட்டுகளுக்கான நோட்டாம் அறிவிப்பு வந்துவிடும். இந்த ஏற்பாடு நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அது நிற்பது அந்தத் தொலைபேசிப் பேச்சின் மீது.

இறங்கப் போன விமானம் திடீரென்று உறுமிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. மோதப் பார்த்ததா?

அநேகமாக இல்லை. கோவையில் ஒரே ஓடுபாதை. முன்னால் இறங்கிய விமானம் பாதையை விட்டு விலகவில்லை, அல்லது கிளம்ப வேண்டியது இன்னும் கிளம்பிப் போகவில்லை என்றால், பின்னால் வருகிறவரைக் 'கோ அரவுண்ட்' என்று சொல்லி மேலே அனுப்பிவிடுவார்கள். காற்று மாறினாலும், மழை மறைத்தாலும், ஓடுபாதையில் நாய் ஓடினாலும் அதேதான். பைலட்டே முடிவெடுத்தும் ஏறலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இருக்கையில் அழுத்தும், இன்ஜின் அலறும், பக்கத்து சீட்டு அம்மிணி முருகனைக் கூப்பிடுவார். பதினைந்து இருபது நிமிடத்தில் திரும்ப வந்து இறங்கிவிடும். இடைவெளி குறையாமல் காப்பாற்றும் வேலைதான் இது.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூன் 8 மும்பை ஒரு உதாரணம். ஏர் இந்தியா விமானம் ஓடுபாதையில் ஓடிக் கிளம்பிக்கொண்டிருந்தபோதே, பின்னால் இண்டிகோ விமானம் அதே பாதையில் தரை தொட்டது. பலரும் பார்த்த காணொளி அது. சம்பந்தப்பட்ட கண்ட்ரோலரைப் பணியிலிருந்து விலக்கி வைத்து விசாரித்தார்கள்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் ஏன் நடக்கிறது?

பெரும்பாலும் பேச்சில்தான் பிசகுகிறது. கண்ட்ரோலர் சொல்வதைப் பைலட் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் கண்ட்ரோலர் பிடிக்க வேண்டும். வேலை நெருக்கடியில் இரண்டு பேருமே தாங்கள் எதிர்பார்த்ததைக் கேட்டதாக நினைத்துக்கொள்வார்கள். 545, 554 என்று ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானம் ஒரே அலைவரிசையில் இருந்தால் ஒருவருக்குச் சொன்னதை மற்றவர் செய்துவிடுவார். 1989-இல் கோலாலம்பூர் பக்கம் ஒரு சரக்கு விமானத்துக்கு 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் 'டூ' என்ற எண்ணை 'வரை' என்ற பொருளில் எடுத்துக்கொண்டு பைலட்டுகள் 400 அடிக்கு இறங்கப் போய் மலையில் மோதினார்கள்.

உயரமானி அமைப்பு இன்னொன்று. அன்றைய காற்றழுத்தத்தை அதில் சரியாக வைக்க வேண்டும். ஒரு மில்லிபார் பிசகினால் 28 அடி போல மாறும், பத்து பிசகினால் 280 அடி. உயரத்தில் இருக்கிற ஆயிரம் அடியில் கால்வாசிக்கு மேல் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அப்புறம், கண்ட்ரோலர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் விடுவது. 2022 ஜனவரி 7 காலை பெங்களூருவில் நடந்தது இதுதான். அங்கே வடக்கு, தெற்கு என்று இரண்டு ஓடுபாதை. அன்று தெற்குப் பாதையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் வடக்கிலேயே நடத்த முடிவு செய்தார்கள். அந்த முடிவு தெற்குக் கோபுரத்துக் கண்ட்ரோலருக்குப் போய்ச் சேரவில்லை. கொல்கத்தா விமானமும் புவனேஸ்வர் விமானமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே திசையில் கிளம்பி, ஒன்றை நோக்கி ஒன்று சாய ஆரம்பித்தன. ரேடார் முன் உட்கார்ந்திருந்த கண்ட்ரோலர் பார்த்து இரண்டையும் வெவ்வேறு திசைக்குத் திருப்பினார்.

இப்படிச் செய்திகளைப் படிக்கும்போது எதைக் கவனிப்பது?

எத்தனை அடி என்பதை விட, யார் முதலில் கண்டார்கள் என்பதைப் பாருங்கள். கண்ட்ரோலர் கண்டு திருப்பினார் என்றால், தடுப்பு வேலை செய்திருக்கிறது. டிகாஸ் கூவித்தான் தெரிந்தது என்றால், மனிதர்கள் எல்லாரும் கோட்டைவிட்டு, கடைசித் தடுப்புதான் மிச்சமிருந்தது என்று பொருள். ஒருவருமே காணாமல் இரண்டும் விலகிப் போயிருந்தால் அது வெறும் அதிர்ஷ்டம். பக்கவாட்டில் 2,000 அடி தூரத்தில் அதிர்ஷ்டத்தால் தப்பியதை, 500 அடியில் கண்ட்ரோலர் பிடித்ததை விட மோசமானதாகவே நான் எண்ணுவேன்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, நடந்ததை ஒழுங்காகப் பதிவு செய்தார்களா என்பது. 2022 பெங்களூரு விவகாரத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இரண்டு விமானங்கள் நெருங்கியதல்ல. அது பதிவேடு எதிலும் ஏறவில்லை, தாமாக மேலே தெரிவிக்கவும் இல்லை என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தினர் சொன்னதுதான். பைலட் அறையில் பேசுவதைப் பதியும் கருவி, பெரும்பாலான விமானங்களில் கடைசி 2 மணி நேரத்தை மட்டுமே வைத்துக்கொள்ளும். அன்றே சொல்லாவிட்டால் அடுத்த பயணத்தில் அது அழிந்துவிடும்.

இந்தியாவில் நடுவானில் மோதியதே உண்டா?

உண்டு. உலகத்திலேயே அதிகம் பேரைப் பலிகொண்ட நடுவான் மோதல் நம் நாட்டில்தான் நடந்தது. 1996 நவம்பர் 12 மாலை, அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே. தில்லியிலிருந்து கிளம்பிய சவுதி அரேபிய போயிங் 747-ஐ 14,000 அடியில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். எதிரே தில்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் இல்யூஷின் 76-ஐ 15,000 அடியில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். கஜகஸ்தான் விமானம் 15,000-இல் நிற்கவில்லை, மேலும் இறங்கியது. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

நீதிபதி லஹோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. கஜகஸ்தான் பைலட் குழுவுக்கு ஆங்கிலம் சரியாகப் புரியாததும், சொன்ன உயரத்தில் நிற்காததும் முதன்மைக் காரணம். ஆனால் வருவதற்கும் போவதற்கும் அப்போது தில்லியில் ஒரே வழி. விமானத்தின் உயரத்தைக் காட்டும் இரண்டாம் நிலை ரேடார் பயன்பாட்டில் இல்லை, பைலட் வாயால் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். இரண்டிலும் டிகாஸ் இல்லை. அதன் பிறகுதான் வழிகளைப் பிரித்தார்கள், ரேடாரை மாற்றினார்கள், டிகாஸைக் கட்டாயமாக்கினார்கள்.

சேலம் விமான நிலையம் சின்னது. அங்கே எப்படி?

ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் 2023 அக்டோபரில் சேவை மீண்டும் தொடங்கியது. இது போன்ற நிலையங்களில் போக்குவரத்து குறைவு. பொதுவாக, ரேடார் பார்வை இல்லாத இடங்களில் நேரத்தை வைத்தே பிரிப்பார்கள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் முன் வண்டி போய் இத்தனை நிமிடம் ஆச்சா என்று பார்த்து அடுத்ததை எடுக்கச் சொல்வாரே, அப்படி. பத்து நிமிடம், சில நேரம் அதற்கும் மேலே இடைவெளி விடுவார்கள். கண்ணால் பார்க்க முடியாதபோது இடைவெளி கூடும், குறையாது.

தப்பு செய்த கண்ட்ரோலருக்கு வேலை போய்விடுமா?

உடனே பணி அட்டவணையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ரேடார் பதிவையும் குரல் பதிவையும் பூட்டி வைப்பார்கள். இயக்குநரகம் விசாரிக்கும், தீவிரமானதென்றால் 2012-இல் தொடங்கிய விமான விபத்து விசாரணைப் பிரிவு எடுத்துக்கொள்ளும். அதன் அறிக்கைகள் பொதுவில் வெளியாகும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பெரும்பாலும் திரும்பப் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, மறுபடி அமர்த்துவார்கள். தண்டித்தே ஆக வேண்டும் என்று கோபப்படுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். சொன்னால் வேலை போகும் என்றால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

உள்ளே உட்கார்ந்திருக்கும் எனக்கு இதெல்லாம் தெரியுமா?

பல நேரம் தெரியவே தெரியாது. டிகாஸ் சொல்லி ஏறினாலும் இறங்கினாலும் வழக்கமாக நிமிடத்துக்கு 1,500 அடி வேகம்தான், லேசாக வயிற்றைக் கலக்கும். அவசரம் கூடினால் 2,500 அடி வரை போகும், அப்போது கையிலிருக்கும் காபி கொட்டும், நின்றுகொண்டிருப்பவர் விழுவார். விளக்கு அணைந்த பிறகும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே இருங்கள் என்று சொல்வது சும்மா இல்லை. கேப்டன் பிறகு மைக்கில் சொன்னாலும் சொல்வார், சொல்லாமலும் விடலாம். சந்தேகம் இருந்தால் விமான எண், தேதி, நேரம் குறித்துக்கொண்டு நிறுவனத்துக்கோ இயக்குநரகத்துக்கோ எழுதிக் கேட்கலாம்.

கல்யாண மண்டபத்தில் டிரோன் விட்டுப் படம் எடுக்கிறார்களே, அது இதில் சேருமா?

இரண்டு பயணிகள் விமானங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக் கணக்கில் சேராது. ஆனால் டிரோனில் டிரான்ஸ்பாண்டர் கிடையாது, அதனால் டிகாஸ் அதைப் பார்க்காது. இவ்வளவு சின்னப் பொருள் கண்ட்ரோலரின் ரேடாரிலும் தெரியும் என்று நம்ப முடியாது. அவிநாசி ரோட்டில் வரிசையாக இருக்கும் மண்டபங்களில் பலவும் இறங்கு பாதைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. 2021 டிரோன் விதிகளின்படி விமான நிலையத்தை ஒட்டிய பகுதி சிவப்பு மண்டலம், மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அங்கே விடவே கூடாது. டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் மண்டபம் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். புகைப்படக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். 'எல்லாரும் விடறாங்க, ஒண்ணும் ஆகாதுங்க' என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.